முன்பக்கம் ரெண்டு பட்டை ஏத்தினா என்ன ஆகும்? நாமக்கல் லாரிப் பட்டறையில் ஒரு நாள்!

நாமக்கல் என்றதும் உங்களுக்கு எது முதலில் ஞாபகம் வரும்? முட்டை என்பீர்கள். அடுத்தது, தலைக்கு மேல் கூரையே இல்லாமல் வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். மூன்றாவதாக லாரி. ஆனால், இந்த ஊரில் நாலு தெரு சுற்றினால் அந்த வரிசையே மாறிவிடும். ஒற்றைப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கோட்டையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் பாடி கட்டும் பட்டறை, பெயின்ட் பட்டறை, டயர் கடை, பட்டைக் கடை, அதற்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை.

கதவும் கண்ணாடியும் இல்லாத வெறும் சேஸிஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வரும் டிரைவர்களை நெடுஞ்சாலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படி எலும்புக்கூடாக வரும் வண்டி, இங்கே சதையும் தோலும் போர்த்திக்கொண்டு வெளியே போகிறது. சரக்கு லாரி, டிரெய்லர், டேங்கர் என எல்லாமே இந்த ஊருக்கு அத்துப்படி. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போவதால், வேலைக்குப் பஞ்சமில்லை.

வண்டி கட்டுகிற ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். 'கோளாறாகிப்போன' வண்டியைக் குணப்படுத்துகிற ஊரும் இதுதான். அந்த வைத்தியத்தைப் பார்க்கத்தான் ஒரு பட்டைப் பட்டறையில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். அங்கே படுத்திருந்த நோயாளி, ஒரு ரிக் லாரி.

திருச்செங்கோட்டிலிருந்து வந்த நோயாளி

நாமக்கல்லுக்கு லாரி என்றால், பக்கத்தில் இருக்கும் திருச்செங்கோட்டுக்கு ரிக். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும், அந்த வண்டியின் முகப்பில் அர்த்தநாரீஸ்வரர் படமும் திருச்செங்கோடு பெயரும் இருக்க வாய்ப்பு அதிகம். ரிக் லாரியும் கம்பரஸர் லாரியும் ஜோடியாகக் கிளம்பும். ஆட்கள் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். வண்டியே சமையலறை, வண்டியே படுக்கையறை.

ரிக் லாரிக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சரக்கு லாரி லோடு இறக்கினால் காலியாகும். அதன் பட்டைகளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ரிக் லாரி ஒருநாளும் காலியாகாது. துளை போடும் இயந்திரம் நிரந்தரமாக அதன் முதுகில் இருக்கிறது. பயணத்தின்போது மடித்துப் படுக்க வைக்கும் நீண்ட கம்பம், கேபினுக்கு மேலே முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். 24 மணி நேரமும் முழுச் சுமை.

லாரியின் முன் அச்சைத் தாங்குவது, வில்போல் வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள். அதைத்தான் 'பட்டை' என்கிறார்கள். வருஷக்கணக்கில் சுமை அழுத்த, இந்த வண்டியின் பட்டைகளில் வளைவு குறைந்து, வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டது. வழியில் வேறொரு மாநிலத்தில், ஏதோ ஒரு பட்டறையில், 'ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டால் தூக்கிக்கும்' என்றிருக்கிறார்கள். இரு பக்கமும் தலா ரெண்டு பட்டை ஏறியது. வண்டியும் நிமிர்ந்தது. அன்றிலிருந்துதான் தொல்லை.

"நேரா போற ரோட்டுலகூட வண்டி பாம்பு மாதிரி நெளியுதுங்கண்ணா. சின்னப் பள்ளத்துல எறங்கினாலும் ஸ்டியரிங் தானா வெட்டுது. பிரேக்ல கால் வெச்சா ஒரு பக்கமா இழுக்குது. தொப்பூர் எறக்கத்துல வரப்போ உசுரு கையில இல்லீங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார் டிரைவர்.

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது குறுக்கிடும் தொப்பூர் கணவாய் எவ்வளவு விபத்துகளைப் பார்த்தது என்பது செய்தி படிக்கும் எல்லோருக்கும் தெரியும். நல்ல வண்டிக்கே அங்கே நிதானம் வேண்டும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் ஓடும் வண்டியில், பின்னால் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருக்க, அந்த இறக்கத்தில் வருவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"வீல் அலைன்மென்ட் பாத்தீங்களா தம்பி?" என்றார் மேஸ்திரி.

"ரெண்டு தடவை பாத்தாச்சுங்க. நாலு நாளைக்கு நல்லாருக்கும். அப்புறம் டயர்தான் தேயுது."

மேஸ்திரி சிரித்தார். "காய்ச்சல் எங்கேன்னு பாக்காம நெத்தியில தைலம் தேச்சிருக்காங்க."

முதலில் ஸ்பேனர் இல்லை, டேப்

வந்தவுடன் கழற்ற ஆரம்பிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் ஸ்பேனரையே தொடவில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு முன் டயர்களிலும் ஒரே அளவு காற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். சேஸிஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இடது, வலது இரண்டு பக்கமும் அளந்தார்கள். அடுத்து, முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரைக்கும் டேப் பிடித்தார்கள். அதுவும் இரண்டு பக்கம்.

எதற்கு? பட்டை அடுக்கின் நடுவே ஒரு சென்டர் போல்ட் இருக்கும். அதன் தலை அச்சிலுள்ள குழிக்குள் உட்கார்ந்துதான் அச்சை இடம் மாறாமல் வைத்திருக்கிறது. அது உடைந்தாலோ, குழியில் சரியாக உட்காராவிட்டாலோ அச்சு ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே போய்விடும். வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். அதை எந்த அலைன்மென்ட்டும் சரிசெய்யாது. இந்த வண்டியில் நல்லவேளையாக இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அடுத்தது, தேய்மானம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இன்னொருவர் கீழே படுத்து, ஆட்டம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தார். சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங் பின், வீல் பேரிங், டை ராடின் முனைகள் என ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். "ஆடுற பல்லை வெச்சுக்கிட்டு கரும்பு கடிக்க முடியுங்களா? தேஞ்சதை மாத்தாம கோணம் பாக்கறது வீண்" என்றார் மேஸ்திரி.

பிறகு டயர். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவினார். வழவழவென்று போனது. எதிர்த்திசையில் தடவச் சொன்னார். ரம்பப் பல்லைப்போல் கையைக் குத்தியது. டயர் நேராக உருளாமல், தரையில் உரசியபடியே ஓடியிருக்கிறது என்பதற்கான சாட்சி அது. உங்கள் காரிலும் இதே சோதனையை நீங்கள் செய்து பார்க்கலாம். வண்டி நின்றிருக்கும்போது மட்டும்!

இந்த ஒரு மணி நேரத்தில் முதல் குற்றவாளியும் சிக்கினான். பட்டை அடுக்கை அச்சோடு இறுக்கிக் கட்டும் யு போல்ட், இடது பக்கத்தில் தளர்ந்திருந்தது. பட்டை சேர்த்தபோது பழைய யு போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட், புதிதாக ஏறிய கனத்தை எப்படிப் பிடித்து நிற்கும்?

தரையில் ஒரு சாக்பீஸ் பாடம்

பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் ஏன் தானாக வெட்டுகிறது? நான் கேட்டதும், மேஸ்திரி பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால், சேஸிஸில் இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் 'டிராப் ஆர்ம்' ஆடும். அதன் முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பி, அச்சுப் பக்கம் போய் வலது சக்கரத்தின் கையைத் தள்ளும், இழுக்கும். அதுதான் 'டிராக் லிங்க்'. வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது டை ராடு.

சிக்கல் இங்கேதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, அச்சு சும்மா மேலும் கீழும் போவதில்லை. பட்டையின் ஒரு முனை சேஸிஸில் நிலையாக மாட்டியிருப்பதால், அந்த முனையைச் சுற்றி ஒரு வட்ட வில்லாக நகர்கிறது. டிராக் லிங்கும் அப்படியே. அதற்கு மையம், டிராப் ஆர்ம் முனை. காம்பஸ் இரண்டை வைத்து இரண்டு வில் வரைந்தால் எப்படி இருக்கும்? அப்படி வரைந்தார்.

"கம்பெனிக்காரன் வண்டி செய்யறப்போ இந்த ரெண்டு வில்லும் கிட்டத்தட்ட ஒண்ணுமேல ஒண்ணு விழற மாதிரி கணக்குப் போட்டு வெச்சிருக்கான். இப்ப நீங்க பட்டை போட்டுத் தூக்கினா என்னாகும்? டிராப் ஆர்ம் சேஸிஸோட மேல போயிருச்சு. அச்சு கீழேயே நின்னுருச்சு. லிங்க் சரிவா நிக்குது. வில்லு ரெண்டும் பிரிஞ்சு போச்சு."

பிரிந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே விரலை வைத்தார். அந்த இடைவெளி அளவுக்கு, டிரைவர் கையை அசைக்காமலேயே லிங்க் சக்கரத்தைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. அதுதான் பள்ளத்தில் வரும் வெட்டு. 'பம்ப் ஸ்டியர்' என்பது இதற்குப் பெயர்.

பிரேக் பிடித்தால் இழுப்பதற்கும் இதில் பங்கு உண்டு. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கும். கூடவே, அச்சும் முன்னோக்கி லேசாக உருளப் பார்க்கும். யு போல்ட் தளர்ந்திருந்தால் அந்த உருளல் இன்னும் கூடும். அச்சோடு சேர்ந்து சக்கரத்தின் கையும் நகர, டிராக் லிங்கோ அதைப் பிடித்து நிறுத்துகிறது. விளைவு, சக்கரம் ஒரு பக்கம் திரும்புகிறது. எங்கே பிரேக் அதிகம் தேவையோ, அங்கேதான் வண்டியும் அதிகம் ஓடுகிறது. தொப்பூரில் நடந்தது அதுதான்.

சாக்பீஸ் பாடத்தை நிஜத்திலும் காட்டினார்கள். முன் சக்கரங்களைச் சுழலும் தட்டுகள்மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை அசையாமல் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, சேஸிஸை ஜாக்கியால் மெதுவாக உயர்த்தினார்கள். யாரும் தொடாமலே இரண்டு சக்கரங்களும் சேர்ந்தாற்போல் லேசாகத் திரும்பின. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை நாள் தன் கையில்தான் தப்பு என்று நினைத்திருந்தவர் அவர்.

தலைகீழாகப் போன ஆப்பு

சரி, நேர் சாலையில் ஏன் நெளிந்தது? அதற்கு வேறு காரணம்.

சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கவனித்திருக்கிறீர்களா? நேர்செங்குத்தாக இருக்காது. மேல்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வினால்தான், பழகியவர்கள் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. லாரியின் கிங் பின்னுக்கும் அதேபோல் பின்பக்கச் சாய்வு உண்டு. பெயர் 'காஸ்டர்'. சில டிகிரிதான். ஆனால், வளைவில் திரும்பியபின் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்தச் சில டிகிரி. இதே மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் ஸ்டியரிங்கைக் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தால், மலை ஏறுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

காஸ்டரைச் சரிக்கட்டுவதற்காக, பட்டை அடுக்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு இரும்புத் தகடு வைப்பதுண்டு. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. இந்த வண்டியில் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால், இரண்டு பக்கமும் தடித்த பக்கம் முன்னால் இருந்தது! பட்டை சேர்த்தவர்கள் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2 டிகிரி ஆப்பைத் திருப்பி வைத்தால் வித்தியாசம் 2 டிகிரி அல்ல, 4 டிகிரி. பின்னால் 2 சாய்க்க வேண்டியது முன்னால் 2 சாய்க்கிறதே! மொத்தச் சாய்வே சில டிகிரிதான் என்னும்போது, 4 டிகிரி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அலைன்மென்ட் பார்த்த இடத்தில் இதைத் தொடவே இல்லை. சக்கரங்களின் முன்முனைகள் உள்நோக்கி எவ்வளவு குவிந்திருக்கின்றன என்பதை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். 'டோ' என்பது இதுதான். டோவைக் கூட்டினால் நெளிவு கொஞ்ச நாளைக்கு அடங்கியதுபோல் தெரியும். அதற்கு விலையாக டயர் தேயும். கையைக் குத்திய அந்த ரம்பப் பற்கள் வந்தது அப்படித்தான்.

இன்னொரு விஷயம். முன் அச்சு ஒரே துண்டாக இருக்கும் இந்த மாதிரி லாரியில் டை ராடு அச்சோடு சேர்ந்தே ஏறி இறங்கும். பட்டை போட்டு வண்டியை உயர்த்தினால், டோ அளவு பெரிதாக மாறுவதே இல்லை. கெட்டுப்போகாத ஒன்றைத்தான் இரண்டு முறை காசு கொடுத்து 'சரி' செய்திருக்கிறார்கள்.

சேர்த்ததைக் கழற்று, களைத்ததை மாற்று

வைத்தியம் என்ன? மேஸ்திரி சொன்னதைக் கேட்டு டிரைவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. கூடுதலாக ஏறிய பட்டைகளைக் கழற்றச் சொன்னார்.

"பட்டை கம்மியா இருந்துதுன்னா வண்டி மூக்கைத் தாழ்த்துச்சு? இல்லீங்க. இருந்த பட்டை களைச்சுப் போச்சு. களைச்சவன் தலையில இன்னும் ரெண்டு பேரை ஏத்தி உட்கார வெச்சிருக்காங்க" என்றவர், முழு செட்டையும் கம்பெனி அளவுக்குப் புதிதாக மாற்றினார். இரண்டு பக்கமும் ஒரே செட். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால், அதுவே வண்டியை ஒரு பக்கம் இழுக்கும்.

ஆப்பு சரியான பக்கம் திரும்பியது. யு போல்ட்டுகள் நான்கும் புதுசு. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, அளவுகாட்டும் ஸ்பேனரால் இறுக்கினார்கள். உயரம் பழையபடி வந்ததும், டிராக் லிங்கின் சரிவும் தன்னால் குறைந்தது. ஜாக்கிச் சோதனையை மறுபடி செய்தபோது, சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி அசையவில்லை. காஸ்டரை அளவியில் பார்த்துக் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருப்பதை உறுதிசெய்தார்கள். ஸ்டியரிங் பாக்ஸை அதன் நடுநிலையில் நிறுத்தி, டிராக் லிங்கின் நீளத்தை அதற்கேற்பத் திருகினார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் டோ.

'உயரமாகவே வேண்டும் என்றால்?' என்று கேட்டேன். அப்போது லிங்கைச் சமமாக்க, டிராப் ஆர்ம் முனையைக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்கு அந்த உயரத்துக்கென்று வண்டி தயாரிப்பாளரே கொடுக்கும் ஆர்ம் வேண்டும். ஆர்ம் நீளமானால் ஸ்டியரிங்கின் வேகமும் கனமும்கூட மாறும். பிரேக்கின் ஏர் ஹோஸ் நீளம் போதுமா என்றும் பார்க்க வேண்டும்.

"இருக்கற ஆர்மைச் சூடு காட்டி வளைக்கறது, வெட்டி வெல்டிங் வைக்கறது, இதெல்லாம் எங்க பட்டறையில நடக்காதுங்க. ஸ்டியரிங் சாமான் உடைஞ்சா அடுத்த நிமிஷம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றபோது மேஸ்திரி முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த பாகங்கள் பதம்பார்த்துச் செய்த எஃகு. கண்டபடி சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். வெளியே பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது என்பதுதான் பயங்கரம்.

சட்டமும் இதில் கறார்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதிகப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். 'இன்னும் ரெண்டு பட்டை போட்டால் இன்னும் ரெண்டு டன் ஏத்தலாம்' என்று நினைப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டை தாங்கலாம். ஆனால் பிரேக், டயர், அச்சு, கிங் பின் எல்லாம் பழைய கணக்கில்தானே இருக்கின்றன?

கை லேசான டிரைவர்

மாலை ஐந்து மணிக்கு வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்தது. மேஸ்திரி பக்கத்தில் உட்கார, சேலம் சாலையில் ஒரு சோதனை ஓட்டம். ஆளில்லாத இடமாகப் பார்த்து, மெதுவான வேகத்தில் முதலில் லேசாக, பிறகு அழுத்தமாக பிரேக். வண்டி நேராக நின்றது. வளைவில் திரும்பியதும் டிரைவர் பிடியைத் தளர்த்த, ஸ்டியரிங் அவர் விரல்களுக்குள் உருண்டு நடுவுக்கு வந்தது.

"பவர் ஸ்டியரிங் இருக்கறதால கை வலிக்காதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. வண்டி நெளியறப்போ வலி கையில இல்லீங்க, கழுத்துல. ராத்திரி பூரா ஒரே விறைப்பா உக்காந்து ஓட்டணும். எறங்கினப்புறம் சோறுகூட எறங்காது" என்றார் டிரைவர், திரும்பி வந்து டீ குடிக்கும்போது. ரெண்டு நாளில் அவர் வண்டி கர்நாடகா கிளம்புகிறது. அங்கே யாரோ ஒரு விவசாயி தண்ணீருக்குக் காத்திருக்கிறார். திரும்பி வரும்போது மறுபடி தொப்பூர்தான்.

கிளம்பும் முன் மேஸ்திரி ஜன்னல் பக்கம் வந்தார். "நாளைக்கு ஓட்டிப் பாத்துட்டுச் சாயங்காலம் கொண்டாங்க தம்பி. புதுப் பட்டை உக்காந்ததும் யு போல்ட் கொஞ்சம் தளரும். இன்னொரு தடவை இறுக்கிட்டுத்தான் லைனுக்குப் போகணும்."

"காசு எவ்ளோங்கண்ணா அதுக்கு?"

"அதுக்கெல்லாம் எவன் காசு வாங்குவான்? மறக்காம வந்தாப் போதும்!"